சொக் நல்லம், பூட்டினதுதான் பிழை

"எந்த பிராண்ட் சொக் அண்ணை நல்லம்?" லொறி வைத்திருக்கிறவர்கள் உதிரிப்பாகக் கடையில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஆறு மாதம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து, "நீங்கள் தந்த சாமான் சரியில்லை" என்று சண்டை பிடிப்பார். கடைக்காரர் "அப்ப மற்றதைப் போட்டுப் பாருங்கோ" என்பார். இப்படியே ஒவ்வொரு பிராண்டும் முறை வைத்துக் கெட்ட பெயர் வாங்குது. லொறி முந்தி மாதிரியே துள்ளிக்கொண்டு ஓடுது.

படம், புத்தகம் என்று எழுதுகிற இடத்தில் இதென்ன கராஜ் கதை என்று சிலர் யோசிக்கலாம். எங்களில் சிலருடைய வீட்டு அடுப்பு லொறி ஓடுகிற காசில்தான் எரியுது. மிச்சப்பேரும் அந்த லொறியில் வந்த மரக்கறியைத்தானே தின்னுறம்.

எங்கட கருத்து இது. வாகனக் கம்பனியின் பெட்டியில் வராமல் வெளிச் சந்தையில் வாங்குகிற சொக், தரத்தால் பழுதாவதைவிட பூட்டுகிற விதத்தாலும் பிறகு ஒருவரும் குனிந்து பார்க்காததாலும்தான் கூடப் பழுதாகுது. அது செத்துப்போனதை முதலில் அறிகிற ஆள் சாரதி. புதிசு வாங்கிறதா இல்லையா என்று முடிவெடுக்கிறவர் முதலாளி. இந்த இரண்டு பேருக்கும் இடையில்தான் பிரச்சினையே கிடக்குது.

முதலில் ஒரு பிழையான நம்பிக்கையைத் தீர்த்துவிடுவம். சொக் பாரம் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். கிடங்கில் சில்லு விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கும், பிறகு விரியும், திரும்ப அமுங்கும். அதைப் பாட்டில் விட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சொக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், சின்னச் சின்ன வால்வுகள், ஒயில். பிஸ்டன் அசையும்போது ஒயில் அந்த ஒடுங்கின ஓட்டைகளுக்குள்ளால் நெரிபட்டுப் போகும். ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். சாதாரணமாக அமுங்கும்போது குறைவாகவும் விரியும்போது கூடவும் தடுக்கிற மாதிரித்தான் வால்வை அமைப்பார்கள். ஏனென்றால் அமுங்கின ஸ்பிரிங் திருப்பி உதைக்கிற உதைதான் லொறியைத் தூக்கி எறிவது.

பழைய ஆக்கள் "அந்தக் காலத்து லொறியில பின்னுக்குச் சொக்கே இல்லையே, ஓடேல்லையா?" என்று கேட்பார்கள். உண்மைதான். பல பிளேட் அடுக்கின ஸ்பிரிங்கில் பிளேட்டும் பிளேட்டும் உரசுகிற உராய்வே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். இன்றைக்கும் சில பாரலொறிகளுக்குப் பின் அச்சில் சொக் கிடையாது. ஆனால் முன்னுக்கு இருக்கிற சொக்கும் சும்மாதான் தொங்குது என்று அதற்கு அர்த்தமில்லை. பிளேட் எண்ணிக்கை குறைந்த, மெல்லிய ஸ்பிரிங் உள்ள வாகனங்களில் அந்த உராய்வும் குறைவு. பட்டா ரக வாகனம் ஓடுகிற தம்பிமார் இதைக் கவனிக்க வேணும்.

இனி "ஒறிஜினல்" பற்றி. வாகனக் கம்பனிகள் அநேகமாகத் தாங்களே சொக் செய்வதில்லை. ஜப்பானின் கேவைபி, அமெரிக்கப் பெயரான மொன்ரோ, இந்தியாவின் கேப்ரியல் மாதிரியான உற்பத்தியாளர்கள் வாகனக் கம்பனிகளுக்கும் செய்து கொடுக்கிறார்கள், தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டு வெளியிலும் விற்கிறார்கள். ஆகவே வெளிச்சந்தைச் சாமான் என்றாலே இரண்டாம் தரம் என்ற கதை எடுபடாது. மற்றப் பக்கத்தில், பெயரை மட்டும் நம்பி இருக்கவும் ஏலாது. 2018 ஒக்டோபரில் கேவைபி, கட்டடங்களுக்குப் போடுகிற பூகம்ப அதிர்வு தணிப்பான்களின் சோதனைத் தரவுகளைத் தாங்கள் மாற்றியதாக ஒப்புக்கொண்டது. வாகன சொக் அந்த விவகாரத்தில் இல்லைத்தான். என்றாலும் பெட்டியில் இருக்கிற பெயர் எங்களுக்குப் பதிலாக யோசிக்காது.

பஞ்சிகாவத்தையில் ஒரு மணித்தியாலம் சுற்றினால் ஒரே லொறிக்கு நாலு விதமான சொக் காட்டுவார்கள். கம்பனிப் பெட்டி ஒன்று, வெளிச்சந்தைப் பெட்டி ஒன்று, ஜப்பானில் பாவித்துக் கழற்றினது ஒன்று, அந்த வெளிச்சந்தைப் பெட்டியைப் பார்த்து அச்சடித்த போலி ஒன்று. இதைவிட, பழசை வெட்டித் திறந்து ஒயில் மாற்றி வெல்டிங் பிடித்துத் தருகிற ஆக்களும் இருக்கினம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தச் சந்தை எங்களுக்கு இன்னும் முக்கியமானது. புது லொறி வராத ஐந்து வருசம் பழைய லொறிகள்தான் நாட்டைச் சுமந்தன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறினபோது சாமான் விலையும் ஏறியது. அந்த நேரத்தில் வெட்டி வெல்டிங் பிடித்ததைப் போட்டவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டம். ஆனால் உள்ளே என்ன ஒயில், எவ்வளவு, வால்வு தேய்ந்ததா என்று எவருக்கும் தெரியாத ஒரு குழாய்க்குக் காசு கொடுக்கிறம் என்ற நினைவோடு கொடுக்க வேணும். நெருக்கடி நேரத்து வைத்தியத்தை எல்லாக் காலத்துக்கும் வழக்கமாக்கக் கூடாது.

சரி, நல்ல சாமானே வாங்கியாச்சு என்று வைப்பம். அது எப்படிச் சாகுது?

கடையில் சொக் படுத்த மாதிரித்தான் கிடக்கும். இரட்டைக் குழாய் வகையில், படுக்க வைத்திருக்கும்போது உள்குழாய்க்குள் காற்றுப் போய்விடும். பூட்ட முதல் அதை நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அமுக்கி, நாலைந்து தடவை அடித்துக் காற்றை வெளியேற்ற வேணும். இதற்கு இரண்டு நிமிசம் போதும். அதைச் செய்யாமல் பூட்டிவிட்டு, "புதுச் சொக்கே லூசா இருக்கு" என்று பெட்டியைத் திட்டுகிறதை நாங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறம்.

அடுத்தது தண்டு. பளபளக்கிற அந்தக் குரோம் தண்டை பிளையரால் அல்லது பைப் றெஞ்சால் பிடித்து நட்டை முறுக்கினால் தண்டில் கீறல் விழும். அந்தக் கீறல் மேலும் கீழும் போய்வரும்போது ஒயில் சீலை அரம் மாதிரி அராவும். கொஞ்சக் காலத்தில் ஒயில் வடியும். அப்பவும் பழி பிராண்டுக்குத்தான். பக்கத்தில் சேசிக்கு வெல்டிங் பிடிக்கும்போது தெறிக்கிற பொறியும் இதே வேலையைச் செய்யும். ஒரு ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டால் போதும், அதைத்தான் ஒருத்தரும் செய்வதில்லை.

பிறகு றப்பர் புஷ். ஜாக் அடித்து அச்சு தொங்கிக்கொண்டு இருக்கும்போதே நட்டைக் கடைசி வரை இறுக்கிவிடுகிறார்கள். லொறியை இறக்கினதும் அச்சு மேலே வரும், புஷ் முறுகின நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அது ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றரும் முறுகிக் கிழியும். நட்டை முதலில் அளவாகப் பூட்டி, சில்லு நிலத்தில் பட்டு லொறியின் பாரம் இறங்கின பிறகு இறுக்கினால் இந்தப் பிரச்சினை இல்லை. புஷ் போனால் "டக் டக்" என்று சத்தம் வரும். சத்தம் கேட்டதும் சொக் போச்சு என்று சொல்லி, நூறுகளில் முடிகிற வேலையை ஆயிரங்களுக்கு ஏற்றுகிறவர்களும் இருக்கினம்.

சேர்விஸ் நிலையங்களில் துருப் பிடிக்காமல் கீழால் ஒயில் விசிறுகிற வழக்கம் ஒன்று உண்டு. இரும்புக்கு அது நல்லம். றப்பருக்குக் கூடாது. இயற்கை றப்பர் பெற்றோலிய ஒயிலில் ஊறினால் உப்பும், பிறகு நொந்துபோகும். றப்பர் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லவேண்டி இருக்கு.

மீன் லொறிகள் தனிக் கதை. வடக்கில் இருந்து பேலியகொடைக்குப் போகிற லொறியில் ஐஸ் கரைந்து உப்புத்தண்ணி இரவு முழுக்க அடிச்சட்டத்தில் வடியும். தண்டின் குரோம் புள்ளி புள்ளியாக அரிக்கும், அரித்த இடம் சீலைத் தின்னும். இந்த லொறிகளுக்கு விலை கூடின சொக்கைவிட, சரக்கு இறக்கினதும் கீழால் நல்ல தண்ணி அடிக்கிற பழக்கம்தான் கூடப் பிரயோசனம் என்று நினைக்கிறம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொலை, பிளேட் கூட்டுகிறது. பாரம் கூட ஏற்ற வேணும் என்று ஸ்பிரிங்குக்கு ஒன்றிரண்டு பிளேட் மேலதிகமாகப் போடுவார்கள். ஸ்பிரிங் விறைத்துவிடும், அதன் உதையும் கூடும். ஆனால் பூட்டியிருக்கிற சொக்கின் வால்வு பழைய ஸ்பிரிங்குக்கு அமைத்தது. அதோடு லொறி உயர்ந்தும் நிற்கும். சொக் எப்பவும் நீண்ட நிலையில் இருக்க, வெறும் லொறி கிடங்கில் துள்ளும்போது அது இழுபட்டுக் கடைசிக்குப் போய் அடிபடும். கண் கழன்று வருகிற சொக்குகளைப் பார்த்து "சைனாச் சாமான்" என்று சிரிக்கிறம். எந்த நாட்டுச் சாமானைப் போட்டாலும் அங்கே அதுதான் நடக்கும்.

எத்தனை கிலோமீற்றருக்கு மாற்ற வேணும் என்ற கேள்விக்கு இலக்கம் சொல்லலாம். சிறிய வாகனங்களுக்கு 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீற்றர் அளவில் என்று மொன்ரோ சொல்லுது. ஏ-9 வீதியில் மட்டும் ஓடுகிற லொறிக்கு அந்தக் கணக்கு ஒருவேளை பொருந்தும். தோட்டத்துக்குள் இறங்கி மரக்கறி ஏற்றுகிற லொறிக்கு எங்கே பொருந்தப்போகுது? அதனால் இலக்கத்தைவிடக் கையை நம்பலாம். காரை அமுக்கிப் பார்க்கிற மாதிரி லொறியை அமுக்கிப் பார்க்க ஏலாது. அதற்குப் பதிலாகச் சூட்டைப் பாருங்கள். சொக்கின் வேலையே ஆட்டத்தைச் சூடாக்குவது என்று முதலே சொன்னம். கரடுமுரடான வீதியில் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடி நிறுத்தின உடனே, சைலன்சரில் படாமல், சொக்கின் உடலில் அவதானமாகக் கை வைக்க வேணும். பக்கத்துச் சேசி இரும்பைவிட அது சூடாக இருந்தால் உள்ளே வேலை நடக்குது. ஒரு பக்கம் சூடாகவும் மற்றப் பக்கம் குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது செத்துப்போச்சு. மாற்றும்போது அந்த அச்சின் இரண்டையும் மாற்றுங்கள். தண்டடியில் மெல்லிய ஈரப்பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம், ஒயில் வழிந்து ஓடினால்தான் பயம். ரயரில் கையைத் தடவும்போது இடைக்கிடை கிண்ணம் மாதிரிப் பள்ளம் தட்டுப்பட்டால் அதுவும் இதே நோயைத்தான் சொல்லுது. சில்லு வீதியை விட்டுவிட்டுத் துள்ளின அடையாளம் அது. துள்ளுகிற நேரத்தில் பிரேக் பிடித்தால் என்ன நடக்கும் என்று ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் சாரதிகளுக்குத் தெரியாத விசயமா? பாதிக்கு மேல் தெரியும். ஸ்டியறிங்கில், இருக்கையில், இடுப்பில் தெரியும். இருந்தபடி மேலும் கீழும் குலுக்கப்படுகிற மனித உடம்பு, செக்கனுக்கு 4 முதல் 6 தடவை வரையான அதிர்வில்தான் ஆகக் கூடுதலாகச் சேர்ந்து ஆடும். இருக்கைக்கு வருகிற அதிர்வு அந்த அளவில் விழுந்தால் முள்ளந்தண்டுக்குத்தான் கேடு. வருசக்கணக்காக இப்படிக் குலுங்குகிறவர்களுக்கு நாரிநோ கூட என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட விசயம். "றைவருக்கு நாரிநோ இருக்கும்தானே" என்று நாங்களும் தொழிலின் இயல்பு மாதிரிச் சொல்லிவிட்டுப் போறம். ரயர் தேய்ந்தால் முதலாளிக்குச் செலவு, அதனால் கணக்கில் வரும். நாரி தேய்ந்தால் எந்தக் கணக்கில் வரும்?

வீதியும் இந்தக் கணக்கில் இருக்கு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொறிகளை ஓட விட்டு நடத்தின பெரிய வீதிப் பரிசோதனையில் இருந்து வந்த ஒரு விதி உண்டு. வீதிக்கு வருகிற சேதம் அச்சுப் பாரத்தின் நாலாம் அடுக்கோடு கூடும். பாரம் 20 வீதம் கூடினால் சேதம் இரட்டிப்பு. சொக் செத்த லொறி துள்ளி விழுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்துக்கு அதன் பாரம் கூடித்தான் விழும். ஐரோப்பிய ஒன்றியம் 1996இன் பாரச் சட்டத்தில் இதைக் கணக்கில் எடுத்தது. மூன்று அச்சு லொறிக்கு 25 தொன் எல்லை. ஓட்டு அச்சுக்கு இரட்டை ரயரும் எயார் சஸ்பென்சனும், அல்லது அதற்குச் சமமாக ஆட்டத்தை அடக்குகிற சஸ்பென்சனும் இருந்தால் 26 தொன். அந்தச் "சமம்" என்ற சோதனையில் ஆட்டத்தை அடக்குகிற வேலையில் பாதிக்கு மேல் சொக்கில் இருந்தே வரவேணும் என்று எழுதியிருக்கு.

எங்களிடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை இருக்கு, லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் இருக்கு. புகைப் பரிசோதனைக்குச் சொக் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணால் பார்க்கிற சோதனை, ஒயில் வடிந்தால் பிடிக்கும். வடியாமல் உள்ளுக்குள் வால்வு தேய்ந்து செத்ததைக் கண்ணால் பிடிக்க ஏலாது. சில்லைத் தட்டில் ஏற்றி அதிரவிட்டு அளக்கிற இயந்திரம் சிறிய வாகனங்களுக்கு உலகத்தில் எப்பவோ வந்துவிட்டது. பட்டா ரக வாகனங்களில் இருந்தாவது அதைத் தொடங்கலாம் என்று நாங்கள் கேட்கிறம்.

அதுவரைக்கும் செலவில்லாத ஒரு வேலை இருக்கு. லொறியில் ஒரு கொப்பி வைத்திருங்கோ. சொக் மாற்றின திகதி, மீற்றர் இலக்கம், பெட்டியில் இருந்த பார்ட் நம்பர், பூட்டின கராஜ். அதற்குக் கீழே மாதத்துக்கு ஒருக்கால் நாலு சில்லுக்கும் "சூடு / குளிர்" என்று சாரதியின் கையால் ஒரு வரி. அடுத்த முறை "றைவர் சும்மா சொல்லுறான்" என்று சொல்ல முதல் முதலாளி அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கட்டும்.