உடனிருக்கும் ஆறுதல்

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே, மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை; பெற்றோரும் இல்லை.

கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்போருக்கு நாம் அவசரமாக விடை கூறலாகாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். காரணம் சொல்லப் புகுந்த பின்னரே அவரைப் புண்படுத்தினர்.

இம்மானுவேல் என்னும் திருநாமத்திற்குக் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பதே பொருள். துன்பம் நம்மை அணுகாது என்பதன்று. கொழுந்து பறிக்கையிலும் அடுப்பு மூட்டுகையிலும் அவர் அருகிருப்பதை நாடோறும் நினைந்து பழகுவோமாக. அப்பழக்கம் மெய்யானால், துயருற்ற அயலாரின் வாசலில் நாமும் சென்று அமர்வோம்.