பர்கரைத் திட்டுவது எளிது!



பள்ளியாண்டின் இறுதி நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் கல்விச் சுற்றுலாப் பேச்சு எழும். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்தும் சபாக் பெர்ணம் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கோலாலம்பூர் நூறு கிலோமீட்டருக்கும் மேல். பேருந்து வாடகையைத் திரட்டுவதற்குள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு மூச்சு வாங்கிவிடும். அருங்காட்சியகம், விலங்குத் தோட்டம், இரட்டைக் கோபுரம் என்று பட்டியலிடும்வரை எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மாலையில் பிள்ளைகள் எங்கே உண்பது என்ற கேள்வி எழுந்தவுடன்தான் வாதம் வெடிக்கிறது!

பிள்ளைகளைக் கேட்டால் ஒரே குரலில் பர்கர் என்கிறார்கள். உடனே கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே பிள்ளைகளை மேற்கத்திய உணவகத்துக்கு அழைத்துப் போனால் பண்பாடு என்னாவது?" என்று முழங்குவார். கைத்தட்டல் எழும். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதென்று முடிவாகும். பிள்ளைகள் பேருந்துச் சாளரத்தின் வழியே அந்த உணவகங்களைப் பார்த்துக்கொண்டே ஊர் திரும்புவார்கள். ஆண்டுதோறும் இதே நாடகம். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். மறுப்பதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் வரலாறு. மேற்கத்திய உணவு மோகம் நேற்றுத் தொலைக்காட்சி வழியாக வந்து நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது போலப் பலரும் பேசுகிறார்கள். தலைநகரில் துவாங்கு அப்துல் ரகுமான் சாலை இருக்கிறது. பத்து ரோடு என்பது அதன் பழைய பெயர். நம் வட்டாரத்தாருக்கு அது புதிய இடமன்று. அதன் அருகில்தான் மஸ்ஜித் இந்தியா சாலை. தீபாவளிக்குச் சேலையும் வேட்டியும் வாங்கத் தோட்டத்துக் குடும்பங்கள் பேருந்து ஏறிப் போன பகுதி அது. அந்தப் பத்து ரோட்டில் 1921ஆம் ஆண்டிலேயே கொலிசியம் என்னும் உணவகம் தோன்றிவிட்டது. சமைத்தவர்கள் ஹைனான் சீனர்கள். உண்ண வந்தவர்களுள் முதன்மையானோர் இரப்பர்த் தோட்டங்களை ஆண்ட வெள்ளைத் துரைமார்கள். சூடேறிய இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் இறைச்சித் துண்டுக்கு அவ்விடம் பெயர் பெற்றது. துரை அங்கே செலவழித்த வெள்ளி எங்கிருந்து வந்தது? விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டியின் உழைப்பிலிருந்து அல்லவா?

பிறகு 1963ஆம் ஆண்டில் அதே சாலையில் ஏ அண்டு டபிள்யூ வந்தது. நாட்டின் முதல் விரைவுணவகம் அதுதான். 1973ஆம் ஆண்டில் கே.எப்.சி.யும் தன் முதல் கடையை அதே சாலையில்தான் திறந்தது. மெக்டோனல்ட்ஸ் 1982 ஏப்ரலில் புக்கிட் பிந்தாங்கில் திறக்கப்பட்டது. ஆக, நம் தாத்தாவும் பாட்டியும் துணிமூட்டையோடு அந்தக் கண்ணாடிக் கதவுகளைக் கடந்து நடந்தவர்கள். உள்ளே போகவில்லை. பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று விலகி நடந்தார்களா? காசில்லை, உள்ளே போனால் எப்படிக் கேட்பது, எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அந்த இல்லாமைக்குத்தான் இன்று பண்பாடு என்று பெயர் சூட்டி மாலை போடுகிறோம்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில் எங்கள் குழுவில் தோட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மிகுந்த அறிவாளி. இலக்கணத்தில் விரிவுரையாளரே அவளிடம் ஐயம் கேட்பார் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நகரத்துத் தோழர்கள் சேர்ந்து விரைவுணவகத்துக்குப் போகும்போதெல்லாம், "எனக்குப் பசியில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்பாள். ஒரு முறை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். வரிசையில் நின்றவள், பணியாள் விரைவாக மலாயில் கேட்ட கேள்விகளுக்கு விழித்தாள். பெரியதா, சிறியதா? பானம் எது? இங்கேயே உண்பதா, கட்டித் தரவா? அவளுக்கு மலாய் நன்றாகவே தெரியும். தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவள். ஆனால், அந்த இடத்தில் நாக்கு எழவில்லை. பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அதன்பின் பயிற்சி முடியும்வரை எந்த உணவகத்துக்கும் அவள் எங்களோடு வரவில்லை.

இதை நான் சொல்வது பர்கர் தின்னாதவர்க்கு வாழ்வில்லை என்பதற்காக அன்று. ஓர் உணவகத்தின் கதவைத் தள்ளித் திறப்பதும், விலைப்பட்டியலைப் படிப்பதும், வேண்டியதைக் கேட்பதும், தவறாக வந்ததைத் திருப்பிக் கொடுப்பதும், மீதிக் காசை எண்ணிப் பார்ப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய செயல்கள். நகரத்துப் பிள்ளை இவற்றை ஐந்து வயதில் தானாகக் கற்றுவிடுகிறது. செம்பனைக் காட்டுக்குள் வளரும் பிள்ளைக்கு யார் கற்றுத் தருவார்? பல்கலைக்கழக நேர்காணல் அறையிலும் வங்கி முகப்பிலும் நம் பிள்ளைகள் தலை குனிந்து நிற்பதைக் கண்டு வருந்துகிறோமே, அந்தக் கூச்சம் எங்கே தொடங்குகிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

மலாய்ச் சகோதரர்கள் இந்தப் பர்கரை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கும் ஐயம் இருந்தது. அதில் உள்ள இறைச்சி ஹலாலா என்ற ஐயம். ரம்லி மொக்னி என்பவர் தம் மனைவியோடு சேர்ந்து 1979ஆம் ஆண்டில் தாமே பர்கர் இறைச்சி செய்து விற்கத் தொடங்கினார். இன்று இரவுச் சந்தையில், சாலை முனையில், எந்தக் கம்பத்திலும் ரம்லி பர்கர்க் கடை உண்டு. இறைச்சியை நடுவே பிளந்து, கறுப்புச் சுவைநீரும் மிளகுத்தூளும் தூவி, மெல்லிய முட்டை அடைக்குள் மடித்து, மிளகாய்ச் சாறு ஊற்றித் தாளில் சுற்றித் தருகிறார்கள். அமெரிக்கரிடம் காட்டினால் இது எங்கள் உணவா என்று கேட்பார்! ஜொகூர் பாருவில் 1981ஆம் ஆண்டில் தோன்றிய மேரிபிரவுன் சென்னை வரைக்கும் போய்க் கடை திறந்தது. சென்னையில் மேற்கத்திய உணவு என்று வாங்கித் தின்றவர்களுள் எத்தனை பேருக்கு அது ஜொகூர்ச் சரக்கு என்று தெரியுமோ!

நம்மவர்க்கும் இத்திறம் இல்லாமல் போகவில்லை. சீனரின் மஞ்சள் மீயை எடுத்து, உருளைக்கிழங்கும் தவுவும் மிளகாய் விழுதும் சேர்த்து மீ கோரேங் ஆக்கியவர்கள் தமிழ் முசுலிம்கள்தாமே? அதை இன்று நம் உணவு என்று பெருமையோடு உண்கிறோம். அவ்வளவு ஏன், மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கொண்டு வந்தது. சங்கப் புலவர் எவரும் மிளகாய்க் குழம்பு உண்டிருக்க வழியில்லை. மிளகாயை ஏற்றுக்கொண்ட பண்பாடு ஒரு ரொட்டித் துண்டுக்கு அஞ்சி ஒடுங்கிவிடுமா?

(இங்கே இன்னொரு வகையினரையும் சொல்ல வேண்டும். பர்கருக்குத் தூய தமிழ்ச்சொல் என்ன என்று நாள் முழுக்க வாதிடுவார்கள். நல்ல முயற்சிதான். ஆனால், அச்சொல்லைச் சொல்லிக் கேட்டு வாங்க எந்தப் பிள்ளையையும் எங்கும் அழைத்துப் போக மாட்டார்கள்.)

மாட்டிறைச்சி என்று ஒரு தடை சொல்கிறார்கள். இது பொருட்படுத்த வேண்டிய தடை. நம் குடும்பங்களில் பெரும்பாலானவை மாட்டிறைச்சி உண்ணாதவை. சில குடும்பங்கள் சைவம். தெருவோரக் கடைகளில் கோழியையும் மாட்டையும் ஒரே இரும்புத் தட்டில்தான் வாட்டுவார்கள். இந்தியாவில் 1996ஆம் ஆண்டில் மெக்டோனல்ட்ஸ் நுழைந்தபோது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமல்தான் நுழைந்தது. உருளைக்கிழங்கு வடையை ரொட்டிக்குள் வைத்து விற்றது. வாங்குவோர் கேட்டால் நிறுவனம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு அது சான்று. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வீட்டில் கேட்டால் அடி விழும் என்று, இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் நண்பர்களோடு ஒளிந்து போய், ஆயாம் எது, டாகிங் எது என்று கேட்கக் கூச்சப்பட்டு, கொடுத்ததை வாங்கித் தின்று வருகிறார்கள். இதுவா நீங்கள் காத்த நெறி? "இதில் மாட்டிறைச்சி உண்டா? தனித் தட்டில் வாட்டித் தர முடியுமா?" என்று நிமிர்ந்து நின்று கேட்கப் பழகிய பிள்ளையே தன் வீட்டு நெறியைக் காக்கும். அப்படிக் கேட்கும் துணிவை ஆசிரியர் பக்கத்தில் நின்று ஊட்டாவிட்டால் வேறு யார் ஊட்டுவார்?

அடுத்து உடல்நலம். பர்கர் நலவுணவு என்று நான் வாதிடவில்லை. கொழுப்பும் உப்பும் மிகுந்தது. உடன் வரும் பானம் முழுக்கச் சீனி. ஆனால், இதைக் கூட்டத்தில் எடுத்துரைப்போரின் காலை உணவைப் பாருங்கள். மைதா மாவையும் கொழுப்பையும் பிசைந்து வீசிய ரொட்டி சானாய் இரண்டு. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஒரு குவளை. பத்து மணிக்கு மீண்டும் ஒன்று, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கியது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிய வந்தது. மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்க்கே அது மிகுதி. இத்தனை சீனியும் பர்கர் வழியாகவா நம் குருதிக்குள் போயிற்று? நம் தோட்டங்களில் கால் விரல் இழந்தவர்களும் வாரத்துக்கு மூன்று முறை குருதிச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களும் வாழ்நாளில் எத்தனை பர்கர் தின்றிருப்பார்கள்? நம் கையிலுள்ள குவளையைக் கீழே வைக்க மனமில்லாததால் பிள்ளையின் கையிலுள்ள ரொட்டியைக் காட்டிக் கூச்சலிடுகிறோம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாள்தோறும் எண்ணெயில் பொரித்தெடுக்கும் சோசேஜையும் நகெட்டையும் பற்றி அதே கூட்டத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் உண்ணும் பர்கருக்கோ மணிக்கணக்கில் வாதம்!

உண்மையான இடர் ஒன்று உண்டு. அதைத்தான் எவரும் பேசுவதில்லை. காசு. நான்கு பிள்ளைகள் உள்ள தோட்டத் தொழிலாளிக்குச் சுற்றுலாக் கட்டணமே சுமை. அதற்கு மேல் பிள்ளை ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி என்றால் எங்கே போவார்? "விரும்பியவர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகளை உணவகத்துக்குள் அவிழ்த்து விடுவதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. பத்துப் பேர் உண்ண, இருவர் குழாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நடத்துவதாக இருந்தால் சோற்றுப் பொட்டலமே மேல். எல்லாருக்கும் ஒரே செலவு, ஒரே தொகை. பள்ளி வாரியமும் முன்னாள் மாணவர்களும் பகிர்ந்து ஏற்க வேண்டும். முன்பு யூ.பி.எஸ்.ஆர் தேர்வு இருந்தபோது நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகளை மட்டும் பொரித்த கோழி விருந்துக்கு அழைத்துப் போனோம். பின்தங்கிய பிள்ளைகள் வகுப்பறையில் இருந்தார்கள். அப்போது எவருக்கும் பண்பாடு நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது, அவ்விருந்தும் போயிற்று. நல்லதாயிற்று.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியப் போவது இதுதான். சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்பே வகுப்பில் விலைப்பட்டியலை ஒட்டிவைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பாடம் நடத்துவோம். மலாய்ப் பாட வேளையில் கேட்டு வாங்கும் உரையாடலை நடித்துப் பார்ப்போம். எது மாட்டிறைச்சி, எது கோழி, எது சைவம் என்று பிள்ளைகளே குறித்துக்கொள்ளட்டும். அன்று துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில் இறங்கி, கொலிசியம் எழுந்த கதையையும் நம் தாத்தா பாட்டி துணிமூட்டையோடு அவ்வழியே நடந்த கதையையும் சொல்லிக்கொண்டே நடப்போம். பிறகு உள்ளே போவோம். ஆசிரியர்கள் பின்னால் நிற்போம். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாமே கேட்டு வாங்குவார்கள். சுவை பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். அதுவும் உண்டு பார்த்துச் சொல்வதாக இருக்கட்டுமே!

எதிர்ப்போர் தாராளமாக வந்து பேசலாம். கூட்டத்துக்கு வரும்போது கையில் தே தாரிக் பை மட்டும் வேண்டா.