கடல் எங்கே ஆரம்பிக்கிறது?

கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், மெரீனாவில், மாமல்லபுரத்தில், சதுரங்கப்பட்டினத்தில் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். நமது சர்க்காரும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் சொல்கிறேன்: கடல் சின்ன காஞ்சிபுரத்தில் ஆரம்பிக்கிறது. இன்னும் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால், இங்குள்ள சாயப் பட்டறைகளின் கொல்லைப்புறத்துச் சாக்கடையில் ஆரம்பிக்கிறது.

இதை நம் ஊர்ப் பட்டுக்கடை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஐயா, நீங்கள் கதை எழுதுகிறவர், உங்களுக்கு எங்கே வேண்டுமானாலும் கடல் வரும். இங்கிருந்து சமுத்திரக் கரைக்குப் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறதே!" என்று சிரித்தார். பஸ்ஸுக்கு அவ்வளவு நேரம் ஆகலாம். சாக்கடைக்கு நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அது நிதானமாகப் போகும்; ஆனால் போய்ச் சேராமல் இராது.

போகிற வழியைப் பாருங்கள். பட்டறையில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுக்கிறார்கள். நூலின் எடையில் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. பிறகு சாயத்தொட்டி, பிறகு அலசல். அலசிய தண்ணீர் ஒரு நாள் மாம்பழ மஞ்சளாகவும் மறுநாள் அரக்குச் சிவப்பாகவும் சந்தில் ஓடுகிறது. அதனுடன் வீடுகளின் கழிவும், சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்கின்றன. எல்லாம் வேகவதிக்குப் போகின்றன. வேகவதி திருமுக்கூடலில் செய்யாற்றோடு சேர்ந்து பாலாற்றில் விழுகிறது. பாலாறு வயலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. அந்தக் கரையில் வலை போடுகிறவர்களுக்கு நம் ஊர்ப் பட்டுச் சேலையைத் தெரியுமோ தெரியாதோ, நம் ஊர்ச் சாயம் போகும் வழி அவர்கள் வாசலில்தான் முடிகிறது.

"பாலாற்றில் தண்ணீரே இல்லையே, எப்படிக் கடலுக்குப் போகும்?" என்று இன்னொருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் பதில் ஆறுதலானது அல்ல. தண்ணீர் ஓடாத ஆற்றில் அழுக்கு மணலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. முதலில் நம் கிணற்றுக்கு வருகிறது. மீதி காத்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதே, எத்தனை பேர் பாலத்தின் மேல் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம்! வருஷக்கணக்காக நாம் சேமித்து வைத்ததையெல்லாம் அந்த வெள்ளம் சில நாட்களில் கடலுக்கு வாரிக் கொடுத்தது.

"கடலில் கரைத்த பெருங்காயம்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதில் ஓர் அலட்சியம் இருக்கிறது. எதைப் போட்டாலும் கடல் விழுங்கிவிடும், சுவடு தெரியாது என்ற அலட்சியம். பெருங்காயம் கரையலாம்; குரோமியம் கரைந்து மறைவதில்லை. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நச்சுக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போயிற்று. தொழிற்சாலை போன பிறகும் மலை இருந்தது. மழை பெய்த போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்தது.

நமக்கு மேற்கே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் ஆலைகள் இதே பாலாற்றைப் பாழாக்கிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மாசுபடுத்துகிறவனே அதற்கான கிரயத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆலை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. இன்றைக்கும் வக்கீல்கள் பெருமையோடு எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. ஆனால் 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, அதே பாலாற்றுக்காக, அதே தோல் கழிவைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டு, தன் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற காலம்.

சட்டம் இல்லாததால் இப்படி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடம் சட்டத்துக்கா பஞ்சம்? 1974ஆம் வருஷத்துத் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 'நீரோட்டம்' என்ற சொல்லுக்கு அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஆறும் நீரோட்டம், நிலத்தடி நீரும் நீரோட்டம், ராஜ்ய சர்க்கார் அறிவிக்கும் எல்லை வரையில் கடலும் நீரோட்டம். சட்டத்தை எழுதியவர்களுக்குச் சந்துச் சாக்கடையும் சமுத்திரமும் ஒரே தண்ணீர் என்று தெரிந்திருந்தது. அமல் நடத்துகிறவர்களுக்குத்தான் அது மறந்துபோயிற்று.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடற்கரை மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். அலையேறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் கரையைக் காப்பாற்றுங்கள் என்றார். பத்து வருஷம் கழித்து, 1991இல், அது கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையாக வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கரையில் கோடு கிழித்துவிட்டு, கோட்டுக்கு மேற்கே உள்ள ஊர்கள் என்ன அனுப்பினாலும் ஏனென்று கேட்காமல் இருப்பது எப்படி இருக்கிறது? வாசற்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்த கதையாக இருக்கிறது.

கடலிலேயே விபத்து நேர்ந்தாலாவது சுறுசுறுப்பு வருகிறதா? 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டிய கப்பலின் பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குத் தலை குனியும்: 'டான் காஞ்சிபுரம்'. எண்ணெய் கசிந்ததாகவே முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு கரையெல்லாம் கறுப்பு. மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். ராக்கெட் விடுகிற தேசத்தில் வாளி! சரி, அதிலிருந்து பாடம் கற்றோமா? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் மீனவர்கள் தங்கள் படகில் ஏறித் தாங்களேதான் அள்ளினார்கள்.

ஆனால் மனம் வைத்தால் நமக்குத் தண்ணீரைக் காக்கத் தெரியும். இதற்குச் சாட்சி நம் வரதராஜப் பெருமாள் கோயில். 2019இல் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தார். அவரைத் திரும்பக் குளத்தில் எழுந்தருளப் பண்ண வேண்டும். குளத்தைத் துப்புரவாக்க எவ்வளவு பாடு! நீரைச் சோதித்து அறிக்கை தரும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2059 வரை பெருமாள் பள்ளிகொள்ளப் போகும் தண்ணீர் அல்லவா? நான் அதைக் குறை சொல்லவில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பாற்கடலில் பள்ளிகொண்டவன் என்று எந்தப் பெருமாளைச் சேவிக்கிறோமோ, அந்தப் பெருமாளின் கடலுக்கு மட்டும் நம் சாக்கடை போதும் என்பது என்ன பக்தி?

இங்கே ஒரு குரல் எழும். "நெசவாளி வயிற்றில் அடிக்காதீர்கள்!" என்று. எப்பொழுதும் இந்தக் குரல் நெசவாளியிடமிருந்து வருவதில்லை. கடை வைத்திருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. சாயத்தொட்டியில் நாள் முழுதும் கையை முக்கி, தோல் வெடித்து, அந்தத் தெருக் கிணற்றையே குடித்து வாழ்கிறவன் சாயத் தொழிலாளி. அவனுக்காகவும்தான் பேசுகிறேன்.

திருப்பூரைப் பாருங்கள். அங்கே நொய்யலின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். அதில் தேங்கிய சாய நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசனத்துக்குக் காத்திருந்த விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, திருப்பூர் அழிந்தது என்றார்கள். அழிந்ததா? ராஜ்ய சர்க்கார் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மறுபடி ஓடின. அதே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் சாயம் போடக் கற்றுக்கொண்டார்கள். பனியன் வியாபாரம் படுத்துவிடவில்லை. கண்டிப்பும் பண உதவியும் சேர்ந்து வந்தால் காரியம் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டாம்.

ஆகவே ராஜ்ய சர்க்காரை நான் கேட்பது மூன்று. முதலாவது, கடல் பாதுகாப்பு என்ற கொள்கையைக் கடற்கரை மாவட்டங்களோடு நிறுத்தாமல், கடலில் கலக்கும் ஒவ்வோர் ஆற்றின் கரையிலும் உள்ள ஊர்களுக்கு விரிக்க வேண்டும். இரண்டாவது, காஞ்சிபுரத்துச் சிறு பட்டறைகளுக்குச் சர்க்கார் செலவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அதை நடத்தும் செலவைச் சாயத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. சேலையை விற்கிறவர்களும் உடுத்துகிறவர்களும் கொடுக்கட்டும். முகூர்த்தச் சேலைக்கு அரை லட்சம் கொடுக்கிற குடும்பம் அதைக் கழுவிய தண்ணீருக்கு நூறு ரூபாய் கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடாது. மூன்றாவது, வேகவதியில் மாதந்தோறும் என்ன கலக்கிறது என்ற கணக்கை, நல்ல தமிழில், மாநகராட்சி வாசலில் ஒட்ட வேண்டும். சர்க்காருக்குத் தெரிந்து ஜனங்களுக்குத் தெரியாத அழுக்கு ஒருநாளும் நீங்காது.

நம் ஊர்த் திருவெஃகாவில் ஒரு ஸ்தல புராணம் உண்டு. பிரம்மாவின் வேள்வியை அழிக்கச் சரஸ்வதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாளாம். பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தாராம். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயர். இன்றைய வேகவதியைத் தடுக்கப் பெருமாள் மறுபடியும் படுக்க வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் சட்டத்தில் எழுதி வைத்ததைச் சொன்ன வண்ணம் செய்கிற ஒரு சர்க்கார் இருந்தால் போதும்.