இருட்டு என்ற அடைமொழி

சமீபத்தில் ஒரு பத்திரிகை, மறைந்த கவிஞர் ஒருவருக்கு நினைவு மலர் கொண்டுவந்திருக்கிறது. கட்டுரைகளைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். என் ஆட்சேபம் அட்டைப்படத்தைப் பற்றியது.

அந்தப் படம் எடுக்கப்பட்டபோது நான் கூட இருந்தேன். மாலை நாலரை மணி, டீக்கடை பெஞ்சு. யாரோ ஒரு மோசமான கவிதையை உருக்கமாக வாசிக்க, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வெயில், பச்சை பெஞ்சு, உதட்டோரம் குறும்பு. அட்டையில் இருப்பவர் வேறு ஆள். கருநீல இருளில் தலைகுனிந்து மரணத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். கேட்டால், 'எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை. மூடைக் கொஞ்சம் மாற்றினோம், அவ்வளவுதான்' என்கிறார்கள்.

வாஸ்தவம். செய்தது நாலே காரியம். முதலில் கர்வ்ஸ். கம்ப்யூட்டரில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை வெளிச்ச எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. அதற்கான கோட்டின் நடுவைக் கீழே இழுத்தால், இரு முனைகளும் அப்படியே இருக்க இடைப்பட்டதெல்லாம் இருளும். மனித முகம் பெரும்பாலும் அந்த இடைப்பட்டதில்தான் இருக்கிறது. இரண்டாவது, ஸாச்சுரேஷனைக் குறைத்தது: பச்சை பெஞ்சு சாம்பலாயிற்று. மூன்றாவது, கலர் டெம்பரேச்சரை நீலத்தின் பக்கம் தள்ளியது: சாயங்காலம் பின்னிரவாயிற்று. நாலாவது வின்யெட், அதாவது ஓரங்களை இருட்டாக்குவது: பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் மறைந்துபோனோம், அவர் தனிமையில் வாடலானார். பத்து நிமிஷ வேலை.

இவை நான்கும் அடைமொழிகள். 'துயரம் தோய்ந்த', 'தனிமையில் உழன்ற' என்று ஒருவர் கட்டுரையில் எழுதினால் கிழித்துப் போடுகிற நாம், அதையே கம்ப்யூட்டர் எழுதினால் கலை என்கிறோம்.

இருட்டறையிலும் இதைத்தானே செய்தார்கள் என்பார்கள். செய்தார்கள். ஆன்ஸெல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்ஸிகோவில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல வருஷங்கள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டு, வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். ஆனால் அது அவருடைய வானம், அவர் பெயரில் வந்தது. அந்த இருட்டால் யார் மீதும் பழி விழவில்லை. 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழின் விவகாரம் வேறு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்ஸனின் போலீஸ் புகைப்படத்தை இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே படத்தை அதே வாரம் நியூஸ்வீக் இருட்டாக்காமல் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் குட்டு வெளிப்பட்டது. கறுப்பர் ஒருவரை இன்னும் கறுப்பாக்கிக் குற்றவாளியாகக் காட்டுகிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. வழக்கு ஜூரியின் முன் போகுமுன்பே இருட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நம் கவிஞருக்கு ஒரு நியூஸ்வீக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வாசகன் கையில் இன்னொரு படம் இல்லை. பத்து வருஷம் கழித்து அவரைப் படிக்க வருகிற பையன் இந்த முகத்தோடுதான் வருவான். அவர் கிண்டலாக எழுதிய வரியையும் ஒப்பாரியாக வாசிப்பான். நவீன கவிஞன் என்றால் சோகம் என்கிற நம் சோம்பல், செத்துப்போன ஒரு மனிதரின் சிரிப்பைத் தின்றுவிட்டது.

நான் பாங்கு குமாஸ்தா. ஒரு எண்ணைத் திருத்தினால், பழைய எண் தெரியும்படி கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும் என்பது வேலையில் சேர்ந்ததும் எனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். ஒரு தொகைக்கே அவ்வளவு. முகத்துக்கு ஒன்றும் வேண்டாமா? இருட்டாக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூலப்படத்தை உள்பக்கத்தில் போடுங்கள். இருட்டாக்கியவர் தன் பெயரையும் போடட்டும். அட்டைப்படம்தான் அந்த மலரின் முதல் விமர்சனக் கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லாத கட்டுரையும் அது ஒன்றுதான்.