வாசலுக்குக் கடப்பா கல் போதும்

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் குழிக்குள் இறக்கிவிடுகிறோம். பிறகு அதே வீட்டின் முன்வாசல், பக்கவாட்டு நடை, கார் நிற்கும் இடம் எல்லாவற்றையும் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறோம். அங்கே விழும் மழை நேரே தெருச் சாக்கடைக்குத்தான் போகிறது. ஜல்லியும் மணலும் பரப்பி, அதன்மேல் கடப்பா கல்லை இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பதித்தால் நடக்கத் தரையும் கிடைக்கும், மண்ணுக்குத் தண்ணீரும் கிடைக்கும். இடைவெளியில் சிமென்ட் பூசாமல் இருந்தால் போதும்.

ஆந்திரத்தின் கடப்பை, கர்நூல் பகுதிகளில் கிடைக்கும் கடப்பா கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். அடுக்கடுக்காகப் படிந்த கல் என்பதால் உளி வைத்தாலே பலகையாகப் பிளக்கும். சிமென்ட்டுக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அதைச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் கல்லிலிருந்து மட்டும் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருள் புகை தனி. கல்லைச் சுட்டுப் பொடியாக்கி, தண்ணீர் விட்டு மறுபடி கல்லாக்கி வாசலில் பரப்புவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. பூமிக்கடியில் குழாய் உடைந்தால் கான்கிரீட்டை உடைத்துக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். மணலில் பதித்த கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம்.

கல் ஆடும், வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள் என்பது நியாயமான அச்சம். அடித்தளத்தைத் திமிசு போட்டு இறுக்காமல் பதித்த கல்தான் ஆடும். அது கொத்தனாரின் அவசரம். பாலிஷ் போட்ட கல் மழையில் வழுக்கும், சொரசொரப்பான கல்லைக் கேட்டு வாங்க வேண்டும். கார் ஏறும் இடத்துக்கு மெல்லிய பலகை தாங்காது, தடித்த கல் தேவை. சித்திரை வெயிலில் கால் சுடும் என்பதும் உண்மைதான். சிமென்ட் தரை மட்டும் அப்போது குளிர்ந்தா கிடக்கிறது? களிமண் பூமியில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், ஜல்லியைக் கூடுதலாகப் போட்டுச் சேகரிப்புக் குழி பக்கம் சரிவு கொடுக்கலாம். குவாரி நிலத்தைப் பாழாக்குகிறதே என்ற கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. ஆனால் சிமென்ட்டுக்கும் குவாரி வேண்டும். பலகைக் கல்லுக்கு மறுவாழ்வு உண்டு, கான்கிரீட் தரைக்கு இல்லை. பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் இந்தக் கல் முழுசாகவே கிடைக்கிறது.

கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகள், சேகரிப்புக் குழி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, வீட்டைச் சுற்றியுள்ள தரை தண்ணீரை உள்ளே விடுமா என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.