தராசு முள்ளும் தோட்டத்து ஓட்டும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் பேராக்கிலுள்ள தமிழ்த் தொழிலாளிக்குத் திடீரென்று ஒரு மரியாதை முளைத்து விடுகிறது. லயமானாலும், லயம் போய் ஈப்போவின் ஓரத்து மலிவு வீடானாலும், வாசலில் கார் வந்து நிற்கும்; அரிசி மூட்டை இறங்கும்; கோயிலுக்கு நன்கொடை வாசிக்கப்படும். ஓட்டுப் பெட்டி மூடியதும் அம்மரியாதையும் கூடவே மூடிவிடும். இம்மரியாதை எதனால் வருகிறதென்பதை நம் மக்கள் அறிந்திருக்கிறார்களா என்பதே நமது கேள்வி.

பேராக் ராஜ்யம் ஒரு தராசு முள். 2008-ம் வருஷம் 59 சட்டசபை ஸ்தானங்களில் எதிர்க்கூட்டுக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. 2013-ல் அதே எண்கள் இடம் மாறின. 2018-ல் 29, 27, 3. 2022-ல் 26, 24, 9. இவ்விரண்டிலும் எவருக்கும் பாதிக்குமேல் கிடையாது. சுங்கை சிப்புட்டில் 1974 முதல் அசையாதிருந்த சாமிவேலு அவர்களை 2008-ல் அசைத்த வித்தியாசம் 1,821 ஓட்டுகள்தாம். இந்நிலையில் சிறு கூட்டத்தின் ஓட்டும் பொன்னின் எடை பெறும் என்பதை நம்மவர்கள் அறியாவிடினும், கார் அனுப்புகிறவர்கள் நன்றாய் அறிவார்கள்!

ஆனால் அந்தப் பொன்னை விற்றுக் காசாக்குகிறவர்கள் யார்? 2009 பிப்ரவரியில் மூன்றே அங்கத்தினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள். ராஜ்ய சர்க்கார் கவிழ்ந்தது. ஓட்டளித்தவர்களை மீண்டும் கேட்கவேண்டுமென்ற கோரிக்கை செவியேறவில்லை. அவ்வருஷம் மே 7-ந் தேதி சபாநாயகர் சிவகுமார் அவர்கள் சபைக்குள்ளிருந்தே இழுத்து வெளியேற்றப்பட்டார். ஜனப் பிரதிநிதித்துவத்தின் யோக்கியதை இதுதான் போலும்.

கட்சித் தாவலைத் தடுக்க 2022-ல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டதே என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்திருத்தம் தனி அங்கத்தினரைக் கட்டுமேயொழிய, கட்சியே கூட்டை விட்டுக் கிளம்பினால் கட்டாது. பேராக்கில் 2020-ல் சர்க்கார் கவிழ்ந்ததற்கு ஒரு கட்சி அப்படிக் கிளம்பியதுதானே முதற்காரணம்? ஒருவன் போனால் துரோகம், கூட்டமாய்ப் போனால் ராஜதந்திரமா?

இவர்களைக் குறைகூறுமுன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டுப்பேட்டை வந்தது. மூன்று தலைமுறை உழைத்தவன் லயத்தைக் காலி செய்யும்படி நோட்டீசு பெற்று நிற்கிறான். வீட்டுமனைப் பட்டா எப்போது, எத்தனை குடும்பத்திற்கு என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த பிறகே மேடையேறலாம் என்று அபேட்சகரிடம் சொன்ன தோட்டக் கமிட்டிகள் எத்தனை? கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணம் கேட்ட கமிட்டிகளை நாம் வேண்டிய மட்டும் கண்டிருக்கிறோம்.