உள்ளங்கைக் கணக்கு

என் அக்காள் மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். சென்ற பொங்கலுக்கு மதுக்கரைக்கு வந்தவன், இரண்டாம் நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து ஒரு சமாசாரம் சொன்னான். அங்கே அவன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளில் மறுபடியும் மருந்து கெட்டிக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அந்தத் தேசத்தில் அது குற்றமில்லை. நம் தேசத்தில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவன் தோட்டா தயாரிப்பது குற்றம். அதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் தோட்டா செய்வதைக் கேட்டபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தது அடுத்த வார்த்தையில்.

"இதுக்குன்னு அளவுப் புஸ்தகம் ஏதாவது இருக்குமே, எதை வெச்சிருக்கறே?" என்று கேட்டேன்.

"எல்லாப் புக்லயும் ஒரே நம்பர்தானுங்க மாமா. எதுக்குக் காசு குடுத்துப் புதுசு வாங்கோணும்? பழைய புக் ஒன்னு ஓசியிலே கெடச்சுது, போன்ல வெச்சிருக்கறன்" என்றான்.

சொன்னவன் எம்.எஸ். படித்தவன். அந்த ஷெட்டுக்கு அடுத்த அறையில் மூன்று வயதுக் குழந்தை தூங்குகிறது.

புஸ்தகம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் நான் புஸ்தக வியாபாரத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் எழுதிய நாவல்களின் பழைய பதிப்பை ஓசியில் வாங்கிப் படித்தால் யாருக்கும் கை போகாது. கதாநாயகி எல்லாப் பதிப்பிலும் ஒரே இடத்தில்தான் அழுவாள். அளவு சொல்லும் புஸ்தகம் வேறு ஜாதி. போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருஷம் முகூர்த்தம் வைக்கிறவன் நம் ஊரில் உண்டா? கல்யாணத்துக்குக் காட்டும் அந்த ஜாக்கிரதையைக் கண்ணுக்கும் கைக்கும் காட்டக்கூடாதா?

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். 1960-களில் அச்சான ஒரு கைப்புத்தகம். அதில் ஓரிடத்தில் மருந்தின் பெயர் வெறுமனே '4831' என்று போட்டிருந்தது. இந்த எண்ணின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்திடம் மருந்து மலைபோல் மிஞ்சிக் கிடந்தது. ஹாட்ஜ்டன் என்பவர் அதை வாங்கிச் சில்லறையில் விற்றார். அந்த மருந்துகளில் ஒன்றுதான் இந்த 4831; பீரங்கிக்கென்று செய்த, நிதானமாக எரியும் மருந்து. பிறகு 1970-களில் வேறொரு மருந்து ஐ.எம்.ஆர். என்ற முன்னெழுத்தோடும் அதே 4831 என்ற எண்ணோடும் கடைக்கு வந்தது. எண் ஒன்று, குணம் வேறு. இது அதைவிட வேகமாக எரியும். அதற்குச் சொன்ன உச்ச அளவை இதில் கெட்டித்தால் துப்பாக்கிக்குள் அழுத்தம் எல்லை மீறும். பழைய புஸ்தகத்தை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் 4831 என்றால் ஒன்றுதான். பின்னால் ஒரு பங்காளி பிறப்பான் என்று அவர் கனவு கண்டாரா?

இது ஒன்று. இன்னொன்று, அழுத்தத்தை அளக்கும் விதமே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் சோதனைத் துப்பாக்கியில் ஒரு சின்னத் தாமிரத் துண்டை வைத்து, வெடித்தபின் அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கிட்டார்கள். பிறகு, அழுத்தம் நொடிக்குள் ஏறி இறங்குவதை அப்படியே பதிவு செய்யும் மின்கருவி வந்தது. புதுக்கருவி வந்தபின், பயமில்லை என்று நினைத்திருந்த சில உச்ச அளவுகளை இறக்கிப் போட வேண்டியிருந்தது. ஆகவே இந்த விஷயத்தில் புதுப் பதிப்பு என்பது அட்டைப்படம் மாற்றிய பதிப்பு அல்ல.

எத்தனை நுணுக்கமான அளவு என்று தெரிந்தால் மாப்பிள்ளையின் துணிச்சல் உங்களுக்குப் புரியும். அவர்கள் கணக்கில் ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் நம் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. அதையும் பத்தாகப் பிரித்து அச்சிடுகிறார்கள். தங்கம் நிறுக்கும் ஆசாரிகூட அவ்வளவு பார்க்கமாட்டார்.

என் சின்னத் தாத்தாவுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. ஒரு கண்ணும் கிடையாது. மலையடிவாரத்தில் சோளக்காட்டுக்குப் பன்றி வருகிறதென்று லைசென்ஸ் வாங்கி நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி இடிக்கிற ரகம். அளவெல்லாம் உள்ளங்கைதான். ஒரு முறை பட்டாளத்திலிருந்து லீவில் வந்த யாரோ ஒருவன் "நல்ல மருந்து" என்று ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறான். அது புகையில்லா மருந்து. தாத்தா வழக்கமான உள்ளங்கை அளவு போட்டார். அன்று பன்றி பிழைத்தது. சாகிறவரை அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அளவு செரியாத்தான் போட்டனப்பா."

ஆமாம், அளவு சரிதான். மருந்துதான் வேறு. டெக்ஸாஸ் மாப்பிள்ளையின் போனில் இருப்பதும் அதே உள்ளங்கைதான்; படம் பிடித்த உள்ளங்கை.

இதே ஊரில், கூப்பிடு தூரத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே பாறைக்கு வேட்டு வைக்கிறவர் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்க வேண்டும், எடுத்த மருந்துக்கும் மிச்சத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். பாறைக்குக் கொடுத்த மரியாதையை எங்கள் குடும்பம் கைக்குக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட என் சிநேகிதர் ஒருவர், ரிடையரான ஹெட்மாஸ்டர், "அந்த மாதிரிப் புஸ்தகமே உலகத்தில் இருக்கக்கூடாது ஸார்" என்று ஒரே போடாகப் போட்டார். அவருடைய நல்ல மனசுக்கு நமஸ்காரம். ஆனால் என் சின்னத் தாத்தாவிடம் எந்தப் புஸ்தகமும் இருக்கவில்லையே? அளவைச் சொல்லாமல் மறைத்ததால் நம் நாட்டில் யாருக்கு என்ன லாபம் வந்தது? வைத்தியத்தில் "மீதியைக் குருமுகமாய் அறிக", சமையலில் "தேவையான அளவு", தொழிலில் "கைப்பக்குவம்". தெரிந்தவன் செத்தால் தொழிலும் செத்தது. அந்த அமெரிக்கர்களிடம் எனக்குப் பிடிக்காதது எத்தனையோ உண்டு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்துக்கொள்ளும் பைத்தியம் அதில் முதல். ஆனாலும் அவர்களுடைய நல்ல கைப்புத்தகத்தில் எந்தத் துப்பாக்கியில் சோதித்தோம், குழாய் எத்தனை அங்குலம், எந்தக் கூடு, எந்தக் கேப்பு, எந்தக் குண்டு என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். அவற்றில் ஒன்றை மாற்றினாலும் கீழிருந்து மறுபடி ஆரம்பி என்று எச்சரிக்கிறார்கள். மாப்பிள்ளை தாண்டிப் போன பக்கங்கள் அவைதாம். அட்டவணைக்கு நேரே போய்விட்டான்.

எனக்கு இதில் என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. முன்பு ஒரு தொடர்கதையில் என் கதாநாயகன் புதுமாதிரி ரைபிளால் சுட, அறை முழுக்கப் புகை சூழ்ந்ததாக எழுதிவிட்டேன். சிங்காநல்லூரிலிருந்து ஒரு பழைய ராணுவக்காரர் கார்டு போட்டார்: அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறதே, குன்னூர் ரயிலில் போகும்போது தூங்கிவிடுவீர்களா என்று. அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்தவன் நான்.

கடைசியில் மாப்பிள்ளை, "செரி மாமா, எதைத்தான் வாங்கறது?" என்றான், விட்டால் போதும் என்கிற குரலில்.

இரண்டு வாங்கு என்றேன். ஹார்னடி, ஸ்பியர், சியரா எல்லாம் குண்டு செய்கிறவர்கள். தங்கள் குண்டுக்குத்தான் கணக்குச் சொல்வார்கள். நீ யார் குண்டு வாங்குகிறாயோ அவர்கள் புஸ்தகம் ஒன்று. மருந்து செய்கிறவர்கள் வெளியிடும் கணக்கு இன்னொன்று. லைமன்காரர்கள் குண்டும் செய்வதில்லை, மருந்தும் செய்வதில்லை; பல பேருடைய சரக்கையும் சோதித்துப் போடுகிறார்கள், ஐம்பது பதிப்புக்கு மேல் வந்தாகிவிட்டது. மூன்றாவதாக அதையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் குறைந்த அளவை எடு. எந்தத் துப்பாக்கியில் சோதித்தது என்று சொல்லாத புஸ்தகத்தைத் தொடாதே. சிநேகிதன் நோட்டில் குறித்துக் கொடுத்தது என்றால் சிநேகிதனையும் கொஞ்ச நாள் தள்ளி வை.

தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பிப் போனான். போன மாதம் புதுப் புஸ்தகத்தின் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். பழசைப் போனிலிருந்து எடுத்துவிட்டாயா என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.